பத்திநாதனின் ஆறு மூடிகள்

இலுப்பைக்கடவையில் ஒரு எஞ்சின் இருமினால் ஊர் கூப்பிடுவது பத்திநாதனைத்தான். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிடைக்காதபோது, தண்ணீர் இறைக்கும் மெசினை மண்ணெண்ணெயில் ஓடவைத்த மனிதர். அந்தக் கதையை அவர் சொல்லாத கலியாண வீடு அந்தக் கரையில் இல்லை. செத்த வீடுகளில் மட்டும் சற்றுச் சுருக்கிச் சொல்லுவார்.

போர் முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய இரண்டாவது வருஷம், ஏதோவொரு நிறுவனம் கமக்காரர் சங்கத்துக்கு ஆறு லாண்ட்மாஸ்ரர் கொடுத்தது. இரண்டு சில்லுச் சின்ன உழவு மெசின்கள். சந்தியில் தகரக் கொட்டில் ஒன்றும் போட்டாயிற்று. கொட்டிலையும் மெசின்களையும் பொறுப்பெடுக்கும் மெக்கானிக்கை, முதல் உழவு தொடங்கும் கிழமை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தெரிவுசெய்வோம் என்றார் சங்கத் தலைவி சிவபாக்கியம். பத்திநாதன் மனதுக்குள் பெயர்ப்பலகை எழுதி, அதற்கு இரண்டாவது பூச்சும் அடித்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா அகஸ்ரினா இந்தியாவிலிருந்து வந்திறங்க வேண்டும்? இருபது வருஷம் அகதி முகாமில் இருந்தவள். அங்கே ஒரு பட்டறையில் டீசல் வேலை பழகியவள். பக்கத்து வெள்ளாங்குளத்தில் குடியேறி இரண்டு மாதத்துக்குள் நாலு மெசின் திருத்திவிட்டாளாம்.

"நொசில் எல்லாம் கழட்டுறாவாம்," என்றார் பத்திநாதன் தேத்தண்ணிக் கடையில். "கழட்டட்டும். திருப்பிப் பூட்டத் தெரியுமோ எண்டு கேளுங்கோ."

"பூட்டி, ஓட்டியும் காட்டிப்போட்டுத்தானாம் போனவ, அண்ணை," என்றான் அருள்நேசன். சங்கத்து மெசின் ஓட்டுகிறவன். நாற்பது வயதாகியும் எந்த இடத்தில் வாயை மூடுவது என்று பழகாதவன்.

மழை விழுந்தது. முதல் உழவு பாப்பாமோட்டைப் பக்கம், சிவபாக்கியத்தின் வயலில். மற்ற ஐந்து மெசினும் ஐந்து வீட்டு முற்றங்களில் நின்றன; அடுத்த கிழமைதான் வயலில் இறங்கும். மெசின் அரை மணித்தியாலம் ஓடியது, திணறியது, நின்றது. பத்திநாதன் வந்து டாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். டீசல் கிடந்தது. "எயர் பிடிச்சிட்டுது," என்று ஸ்குரூவை இளக்கி, நுரை அடங்கிச் சுத்த டீசல் வருமட்டும் விட்டு, பூட்டினார். ஓடியது, அரை மணித்தியாலம். மறுநாள் பில்டரை மாற்றினார். அதே அரை மணித்தியாலம். மூன்றாம் நாள் டாங்கியையே கழற்றிக் கழுவினார். அப்போதும் அதே கதை. அவர் கைவைத்தால் ஓடுகிறது, வரம்பு தாண்டிப் போனால் நிற்கிறது.

"மெசினுக்கு உங்களை விட்டிட்டு இருக்கேலாது போல, அண்ணை," என்றான் அருள்நேசன்.

சனிக்கிழமை சிவபாக்கியம் அகஸ்ரினாவுக்கு ஆள் அனுப்பினார். பத்திநாதனும் 'சும்மா பார்க்க' என்று சைக்கிளை எடுத்தார். வழி நெடுக மாதாவோடு பேரம். அவளும் பிழை பிடிக்காமல் விட்டால் ஒரு கட்டு மெழுகுதிரி. வயல் கண்ணில் பட்டபோது அது மூன்று கட்டாகியிருந்தது.

அகஸ்ரினா ஒரு ஸ்பானரைக்கூட எடுக்கவில்லை. "ஓட்டுங்க அண்ணா. நிக்கட்டும். நின்ற பிறகு ஒருத்தரும் கைவைக்கக் கூடாது," என்றுவிட்டு வரம்பில் குந்தினாள்.

"நிக்கிறதைப் பாக்கிறதுக்கு மெக்கானிக் என்னத்துக்கு?" என்று பத்திநாதன் காற்றைக் கேட்டார்.

மெசின் வழமையான நேரத்துக்கு நின்றது. அகஸ்ரினா போய் டாங்கி மூடியை மெல்லத் திருகினாள். ஸ்ஸ் என்று டாங்கி காற்றை உறிஞ்சியது. அந்தச் சத்தம் மூன்று நாளும் கேட்டிருக்கும். மூடியைத் திறக்கும்போதெல்லாம் பத்திநாதன் தடைக்காலக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். மூடியின் உட்புறத்தில் சொப்பிங் பிளாஸ்ரிக் பைத் துண்டு ஒன்று, ரப்பர் பட்டி போட்டு இறுக்கமாய்க் கட்டியிருந்தது. அவள் அதைப் பிய்த்தெடுத்தாள். மெசின் ஒரு மணித்தியாலம் ஓடியது. பிறகும் ஓடியது.

"மூடியில சின்ன ஓட்டை இருக்கு. டீசல் குறையக் குறைய அதாலதான் காத்து உள்ள போகணும். இதைக் கட்டினா டாங்கிக்கு மூச்சு முட்டும். திறந்து பாத்தா மூச்சு வந்திடும், திரும்ப ஓடும்," என்றாள். "இதை ஆர் கட்டினது?"

அருள்நேசன் முதன்முறையாக வாயை மூடினான். சிவபாக்கியம் தூரத்தில் நின்ற கொக்கைப் பார்த்தார். யாருக்குத் தெரியாது? தடைக்காலத்தில் ஒரு சொட்டு எண்ணெய் மூடியால் சிந்தக்கூடாது, ஆவியாகக்கூடாது என்று ஊர் மெசின்களுக்கெல்லாம் பை கட்டிவிட்டவர் பத்திநாதன்தான். அப்போது ஒன்றும் நின்றதில்லை. அரை மணித்தியாலத்துக்கு மேல் ஓட்ட எவரிடமும் எண்ணெய் இருந்ததில்லை, அதுதான் காரணம். புது மெசின்கள் வந்த அன்றும் பழைய கை சும்மா இருக்கவில்லை. ஊர் காட்டிக்கொடுக்காது. பத்திநாதன் பேசாமல் நின்றால் போதும்.

"சின்னப் பிள்ளைங்க யாரோ விளையாடியிருக்கு," என்று அகஸ்ரினா பையைத் தூர எறிந்தாள்.

அவளுக்குப் பேர் வருவதைக்கூடப் பொறுத்திருப்பார். தன் கண்டுபிடிப்பு பிள்ளைகளின் பேரில் போவதா?

"சின்னப் பிள்ளையளோ? நான் கட்டினது! அளவெடுத்து வெட்டி, ஆறு மெசினுக்கும் நான்தான் கட்டினது!"

"ஆறுக்குமோ?" என்றார் சிவபாக்கியம், கொக்கை விட்டுத் திரும்பி.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் தேத்தண்ணி ஆறுமுன் முடிந்தது. கொட்டில் அகஸ்ரினாவுக்கு. திங்கட்கிழமை அவள் செய்யவேண்டிய முதல் வேலை, மற்ற ஐந்து மூடியிலும் பையைக் கழற்றுவது.

பத்திநாதன் கூட்டத்திலிருந்து நேரே சைக்கிளில் ஏறினார். பொழுது சாயுமுன் ஐந்து வீட்டுக்கும் போய் ஐந்தையும் தானே கழற்றினார். அவளுடைய முதல் வேலை அவளுக்குக் கிடைக்கக்கூடாது. திங்கள் மத்தியானம் தேத்தண்ணிக் கடை வாசலில் கதிரையைத் திருப்பிப் போட்டு, வாடிய முகம் ஒன்றைப் பார்க்கக் காத்திருந்தார்.

அகஸ்ரினா சைக்கிளால் இறங்கி நேரே அவரிடம் வந்தாள். "அஞ்சையும் நீங்களே கழட்டிட்டீங்களாமே, அண்ணா. பெரிய உதவி. எனக்கு இன்னும் ஊர்ப் பாதை பிடிபடயில்ல."

"பத்தியண்ணைக்கு நல்ல மனம்," என்றான் அருள்நேசன். கடை முழுக்க ஓம் என்றது.

தடைக்காலத்தில்கூட அவருக்கு இப்படி ஒரு அடி விழவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார்.

"கொட்டிலின்ர மேற்குப் பக்கம் மழைக்கு ஒழுகும், தெரியுமோ?" என்றார், கடைசி நம்பிக்கையோடு.

"நேத்தே ஏறித் தார் பூசிட்டேன், அண்ணா."