கறுப்பாக இருக்க வேண்டிய இடம்

வீட்டில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பம்பரம்தான். உட்கார்ந்தால் கால் ஆடிக்கொண்டே இருக்கும், சாப்பாட்டில் பாதியில் எழுந்து போவாள். அப்பேர்ப்பட்டவள் போயும் போயும் தேர்ந்தெடுத்தது, இருட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து மூளையின் ஸ்கேன் படங்களைப் படிக்கும் வேலையை! மருத்துவம் முடித்து, அதற்கு மேல் கதிரியக்கவியல் முடித்து, இப்போது மூளைக்கென்று தனிப் பயிற்சி.

"கூடப் படிச்சவளுங்க பிள்ளைங்களே பள்ளிக்கூடம் போகுதுங்க. நீ இன்னும் பரீட்சை பரீட்சைன்னு உயிரை வாங்குற" என்பாள் அம்மா.

"இதான்மா கடைசி" என்று அவளும் ஒவ்வொரு படிப்புக்கும் சொல்லிவிட்டாள்.

அந்தப் பயிற்சியில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் படத்தை மூலைமுடுக்கெல்லாம் பார்த்துவிட வேண்டும்; நோயாளியின் தொந்தரவை எழுதிய சீட்டைப் பிறகுதான் படிக்க வேண்டும். இல்லாவிட்டால் சீட்டு சொன்னதையே கண் தேடும், கிடைத்ததும் கடையைக் கட்டிவிடும். பம்பரத்துக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒரு நாள் காலை சீட்டைத்தான் முதலில் பார்த்தாள்: தலைவலி, மூக்கடைப்பு. படத்தில் சைனஸ் அறைகள் சளியால் அடைத்திருந்தன. சைனஸ் தொந்தரவு, மூளையில் ஒன்றுமில்லை என்று எழுதினாள். பெரிய டாக்டர் சரிபார்க்கும் வரைகூடக் காத்திருக்காமல் வார்டுக்குப் போனிலும் சொல்லிவிட்டாள்.

மதியம் கேண்டீனில், ஸ்கேன் எடுக்கும் டெக்னீஷியன் டீயோடு எதிரே வந்து உட்கார்ந்தார்.

"காலையில வந்த தலைவலிப் பொண்ணு பாவம் மேடம். பால் கட்டிக்கிட்டு மெஷினுக்குள்ளயே அழுதுடுச்சு."

"பாலா? குழந்தை பெத்தவங்களா?"

"போன வாரம்தானாம்."

அவள் தன் டீயைக் கீழே வைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குத் தலைவலி என்றால், மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பி எடுத்துப்போகும் பெரிய குழாயைக் கட்டாயம் பார்த்தாக வேண்டும். அதில் ரத்தம் உறைந்தால் உயிருக்கே உலை. பார்த்தோமா? பார்த்ததாக ஞாபகமே இல்லை.

டீயை அப்படியே விட்டுவிட்டு இருட்டறைக்கு ஓடிப் படத்தை மறுபடி திறந்தாள். ரத்தம் ஓடினால் அந்த இடம் கறுப்பாகத் தெரிய வேண்டும். சாம்பல் நிறமாகக் கிடந்தது. வேறு கோணத்திலும் அதே கதைதான். "அடிப்பாவி!" என்று தன்னையே திட்டிக்கொண்டு வார்டுக்குப் போன் அடித்தாள்.

"இப்பதான் கிளம்பிப் போறாங்க" என்றாள் நர்ஸ்.

லிஃப்டுக்கு நிற்க முடியுமா? படிக்கட்டில் விழுந்தடித்து இறங்கினாள். வாசலில் வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி கணவன். ஏறப் போகிறவளின் கையில் குழந்தை.

"போகாதீங்க! தலைக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கு. உடனே மருந்து ஆரம்பிக்கணும்."

"சைனஸ்தான்னு சொல்லிட்டாங்களே. நீங்க யாருங்க?"

"அதைச் சொன்னவளே நான்தான். சரியாப் பாக்காம சொல்லிட்டேன்."

"என்ன, விளையாடுறீங்களா?" கணவன் கத்தினான். நியாயமான கோபம்தான்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. "அப்ப எனக்கு நிஜமாவே வலிக்குதுதானே டாக்டர்? தூக்கம் பத்தலன்னாரு இவரு. வேலை செய்யாம இருக்க சாக்குன்னாங்க அத்தை. நீங்களும் ஒண்ணுமில்லன்னு சொன்னதும், நானே நடிக்கிறேனோன்னு நினைச்சுட்டேன்."

பம்பரம் அவள் தோளைத் தொட்டாள். "இல்லம்மா. நிஜமாவே வலிக்குது."

கணவன் வண்டிக் கதவைச் சாத்தினான். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, மனைவியின் கையைப் பிடித்து மெல்ல உள்ளே திரும்பினான்.