இருவர் கேட்ட ஒற்றை இடம்

அந்தோணி காலமான செய்தியை ரெட்டியார்பாளையத்திலிருந்து அவர் மகள் ஜெசிந்தா தொலைபேசியில் சொன்னாள். "அப்பா காலைல போயிட்டாரு மாமா. நீங்க வரணும்." நேரில் நான் அவரை வாடா, போடா என்றுதான் பேசுவேன். இப்போது இந்த அஞ்சலியில் 'அவர்' என்று எழுதுவதைப் பார்த்தால் அவரே சிரிப்பார்.

அவரோடு பழகிய உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மனதில் இருப்பதைப் போட்டு உடைத்துவிடுவார். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் ராணுவத்தில் ஒரே யூனிட்டில் நாயக் பதவியில் இருந்தோம். பணியில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் பி.ஏ. படிக்க, வருடத்துக்கு ஒருவருக்கு யூனிட்டே கட்டணம் கட்டும் என்று எங்கள் கமாண்டிங் ஆபீசர் அறிவித்தார். முதலில் போகிறவன் முதல் வருடத் தேர்வில் தோற்றால் திட்டத்தையே நிறுத்திவிடுவேன் என்றும் சொன்னார். இருவரும் மனுக் கொடுத்தோம். எனக்குக் கிடைத்தது.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எதிரே வந்து உட்கார்ந்தார். "உனக்குக் கெடச்சது எனக்குப் புடிக்கல. வயித்தெரிச்சலாத்தான் இருக்கு. ஆனா நீ ஃபெயிலானா, அடுத்த வருஷம் எனக்கும் கெடைக்காது. ஒழுங்கா படி."

தேர்வு மையம் புதுச்சேரியில். இருவருமே வருடாந்திர லீவில் ஊருக்கு வந்தோம். தினமும் காலையில் சைக்கிள் மிதித்து முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். புத்தகத்தைப் பிடுங்கி வைத்துக்கொண்டு கேள்வி கேட்பார். என் மனைவி தனத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"வருஷத்துக்கு ஒரு தடவதான் வூட்டுக்கு வராரு. எங்கூட நாலு வார்த்த பேச வுடுங்கண்ணே."

"பரிட்ச முடியட்டும் தங்கச்சி. நானே ரெண்டு பேரையும் சினிமாவுக்கு அனுப்பறேன்" என்றார். கடைசிவரை அனுப்பவில்லை.

ஒரு நாள் அவருக்குத் தெரியாமல் மச்சானோடு நோணாங்குப்பம் ஆற்றுக்கு நண்டு பிடிக்கப் போனேன். எப்படியோ மோப்பம் பிடித்து வந்து, "ஏறுடா கரைக்கு" என்று ஊரே கேட்கக் கத்தினார். மச்சான் முன்னால் எனக்கு மானம் போயிற்று. வாயில் வந்தபடி திட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "திட்டிட்டியா? இப்ப பிரெஞ்சுப் புரட்சி ஏன் வந்துச்சி, சொல்லு" என்றார். முட்டி வரை சேற்றோடு நின்று பதில் சொன்னேன்.

தேர்வு எழுதி, லீவு முடிந்து யூனிட்டுக்குத் திரும்பிய வாரமே அவர் பெட்டி கட்டினார். வேறு யூனிட்டுக்கு மாற்றல். உத்தரவு லீவுக்குக் கிளம்பும் முன்பே கைக்கு வந்திருக்கிறது. நான் தேறினாலும் தோற்றாலும் அந்த இடம் அவருக்கு இல்லை.

"அப்புறம் ஏண்டா லீவு பூரா என் உயிர வாங்குன?" என்று கேட்டேன்.

"உனக்கு அடுத்து எவனாவது நிப்பான்ல. நவுரு, பெட்டிய மூடணும்" என்றார்.

நான் தேறினேன். அடுத்த வருடம் வேறொருவர் அந்த இடத்தில் சேர்ந்தார். அந்தோணி போன யூனிட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. ராணுவத்திலிருந்து வந்த பிறகு எனக்கு பி.ஏ.வால் வங்கி வேலை கிடைத்தது. அவர் மில்லில் வாட்ச்மேன் ஆனார். அதை ஒரு நாளும் அவர் சொல்லிக் காட்டியதில்லை. எனக்குத்தான் அவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் உறுத்தும்.

பொறாமையை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, அதே ஆளுக்காக வெயிலில் சைக்கிள் மிதிக்க முடியும் என்பதை அவரிடம்தான் பார்த்தேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அது.

அடக்கத்தன்று வெளியூர் உறவினர் ஒருவர் என்னை யார் என்று விசாரித்தார். ஜெசிந்தா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அப்பா வாங்குன டிகிரி இவருதான். யாரு கேட்டாலும் அப்பா அப்படித்தான் சொல்லுவாரு."