சனிக்கிழமை அதிகாரி

குடியுரிமை அலுவலகத்திலிருந்து பத்து நிமிடம் நடந்திருப்பேன். பின்னால் ஒரு பழைய கார் என் வேகத்துக்கே ஊர்ந்து வந்தது. கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் அந்த வெயிலில் நடைபாதையில் போகிறவன் நான் ஒருவன்தான், கண்டுபிடிப்பது சுலபம். ஓட்டி வந்தவர் அங்குள்ள வியட்நாம்காரர்களின் தலைவர். பின் இருக்கையில் அறுபத்தெட்டு வயது அம்மாள், மடியில் கைப்பையோடு இருந்தார். சற்று முன்தான் இரண்டாம் முறையும் குடியுரிமைத் தேர்வில் தோற்றிருந்தார். தோற்றதற்குக் காரணம் நான்.

தலைவர் என்றால் யாரும் தேர்ந்தெடுத்தவர் இல்லை. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் பாத்திரம் கழுவிய நூடுல்ஸ் கடைக்குப் பக்கத்து ஹாலில், சனிக்கிழமை காலையில் வயதானவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்வார். மதியம் அதே நாற்காலிகளில் பேரப்பிள்ளைகளுக்குத் தாய்மொழி வகுப்பு. அவர் வியட்நாம் மொழியில் கேட்பார், அவர்கள் ஆங்கிலத்தில் பதில் சொல்வார்கள். என் அக்கா பிள்ளைகளும் அப்படித்தான்.

ஒருநாள் கடைக்குச் சாப்பிட வந்த தலைவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் பேச்சு உடைந்த ஆங்கிலத்தில்தான் நடந்தது. எனக்குத் தமிழில்தான் நினைவிருக்கிறது.

"சனிக்கிழமை வந்து ஆபீசரா உட்காருறியா?"

"சார், நான் பத்தாவதே முடிக்கல. எனக்கே சிட்டிசன்ஷிப் கிடையாது."

"அதுவா முக்கியம்? கேள்வி பேப்பர்ல இருக்கு. எங்க மூஞ்சியப் பார்த்தா அவங்களுக்குப் பயம் வராது. உன்னைப் பார்த்தா வரும்."

போனேன். யாரோ கொடுத்த டை ஒன்றைக் கட்டிவிட்டார்கள். நான் கேள்வியை வாசிப்பேன், கீழே இருக்கும் பதிலோடு ஒத்துப் பார்ப்பேன். பதில் சரியாக வந்தால் என் தலை தானாக ஆடும். யார் என்ன சொன்னாலும் தலையாட்டிக் கேட்டுப் பழகியவன். ஆடுவது எனக்கே தெரியாது.

முதல் முறை தோற்றுவிட்டு வந்த அந்த அம்மாளுக்கு அது தெரிந்திருந்தது. பதில் சொல்லிவிட்டு என் தலையைப் பார்ப்பார். ஆடாவிட்டால் வேறு பதில் சொல்வார். மூன்று மாதத்தில் எல்லாக் கேள்விக்கும் சரியாகச் சொன்னார். தலைவர் கைதட்டினார், நானும் தட்டினேன்.

அம்மாளின் ஒரே மகள் வியட்நாமில் இருந்தாள். மணமான மகளை அழைக்கக் குடியுரிமை வேண்டும். கிடைத்தாலும் அதற்கப்புறம் பல வருட வரிசை. அறுபத்தெட்டு வயதில் ஒவ்வொரு மாதமும் கணக்குத்தான்.

அன்று உண்மையான அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேள்வி கேட்டிருக்கிறார். அவர் தலை அசையவில்லை. அம்மாள் சரியாகச் சொன்ன ஒவ்வொரு பதிலையும் தவறென்று நினைத்து மாற்றியிருக்கிறார். வெளியே வந்து இதைத் தலைவரிடம் சொல்ல, அவர் கார் நிறுத்துமிடத்தில் நின்று எனக்கு மொழிபெயர்த்தார். ஒரு விண்ணப்பத்துக்கு இரண்டு வாய்ப்புதான், இனி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். யாரும் என்னைத் திட்டவில்லை. நான் நடக்க ஆரம்பித்தேன்.

இப்போது கார் கண்ணாடி இறங்கியது.

"ஏறு. இந்த வெயில்ல எங்க போறே?"

"நடக்குறேன் சார்."

"சனிக்கிழமை வந்துடு. இனிமே கல்லு மாதிரி உட்காரு, அவ்வளவுதான். இன்னும் பதினோரு பேர் இருக்காங்க."

"அவங்களும் என் தலையத்தானே பார்த்திருப்பாங்க?"

அதை அவர் அதுவரை யோசித்திருக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது.

பின் கண்ணாடியும் இறங்கியது. தேர்வு முடிந்து மூவரும் சாப்பிட அம்மாள் ரொட்டிக்குள் இறைச்சியும் ஊறவைத்த காய்கறியும் வைத்து, காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என் பங்கை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். கார் போனது. பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து முழுவதையும் தின்றேன். பசி இருந்தது.

மறுநாள் காலை, வடக்கே ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் டப்ளின் என்ற ஊருக்குப் போனேன். அங்கே ஒரு தமிழ் ஹோட்டலில் மாவு அரைக்க ஆள் கேட்டிருந்தார்கள். முதலாளி கோயம்புத்தூர்க்காரர்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?"

"சான் ஹோசேல, வியட்நாம்காரங்க கடைலங்க."

"அங்க என்னங்க ஆச்சு? ஒரு எடத்துல நிக்கமாட்டீங்களாட்ட இருக்கு."

"நின்னு பழகலைங்க."

"வீக்கெண்ட்தான் நமக்கு ரஷ். சனிக்கிழமை ஆஃப் கேக்கக் கூடாதுங்க."

கேட்க மாட்டேன் என்றேன். பின்கட்டில் அரிசி ஊறியிருந்தது. கிரைண்டரைக் கழுவிவிட்டு முதல் ஈடு போட்டேன்.