பரிசலில் போன குழவி

கோவில்பதாகையில் எங்கள் வீட்டை ஒட்டிய வீடு அங்கம்மாவுடையது. காணும் பொங்கல் வந்தால் போதும், எங்கள் தெருவே ஒரு லாரி பிடித்து ஒகேனக்கல் கிளம்பிவிடும். காவிரிக் கரையில் தார்ப்பாய் கட்டி இரண்டு நாள் தங்கல். ஆம்பிளைகளுக்கு எண்ணெய்க் குளியல், பரிசல், சீட்டாட்டம். அங்கம்மாவுக்கு அடுப்பு. அவள் வைக்கிற மீன் குழம்புக்காகவே பாதிப் பேர் லாரி ஏறுவார்கள். அவள் பாத்திரம் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பரிசலை நிறுத்திவிடுவார்கள். இத்தனை வருஷம் போயும் மலை இடுக்கில் ஆறு விழுகிற இடத்தை அவள் பார்த்ததே இல்லை என்றால் யார் நம்புவார்கள்?

எழுபத்து மூன்றாம் வருஷம், கிளம்புகிற அன்றே புருஷனிடம் கறாராகச் சொன்னாள்.

"இந்த வாட்டி ஒண்ணு அம்மி வரணும், இல்லாங்காட்டி நான் வரணும். ரெண்டும் வராது."

அம்பத்தூரில் லேத் ஓட்டுகிற செங்கல்வராயன் நல்ல மனுஷன்தான். ஆனால் பெண்டாட்டி பேச்சை இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற ரகம். சரி சரி என்று தலையாட்டிவிட்டு அம்மியைச் சாக்கில் சுற்றி ஏற்றிவிட்டான். ஒகேனக்கல்லில் மூட்டைகளை இறக்கும்போது அது வெளியே வந்தது. எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. அங்கம்மா அரைக்கிற குழவிக்கல்லை மட்டும் எடுத்து இடுப்பில் இடுக்கிக்கொண்டு, என்னையும் பரிசல் துறைக்கு இழுத்துப் போனாள். குழவி இல்லாமல் எப்படி அரைக்கிறார்கள் பார்க்கலாம் என்று எனக்கு ஒரே குஷி.

கல் எதற்கம்மா என்று பரிசல்காரர் கேட்டார்.

"இத்த கரையில வுட்டா என்னிய வேல வாங்கிடும், அண்ணாத்தே."

இரண்டு பக்கமும் பாறை எழும்பி வானம் குறுகிப்போனது. வளைவு திரும்பியதும் மேலிருந்து தண்ணீர் கொட்டியது. சாரல் முகத்தில் அடிக்க, அங்கம்மா குழவியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"இத்தினி வருசமும் இது இங்கியேதான் கீது, சுசீலா."

திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. எல்லாரும் பட்டினி கிடப்பார்கள், சண்டை நிச்சயம் என்று முந்தானையைச் செருகிக்கொண்டுதான் போனோம். அங்கே குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது! ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கல்லால் செங்கல்வராயனே மிளகாய் அரைத்திருக்கிறான். கண்ணெல்லாம் ரத்தச் சிவப்பு. ஆற்றங்கரையில் கல்லுக்கா பஞ்சம்? அது எங்கள் இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

அவன் அங்கம்மாவை முதலில் உட்காரவைத்து இலை போட்டான், பக்கத்தில் எனக்கும். முதல் வாயிலேயே மணல் நறநறத்தது. உப்பும் இல்லை. நான் விழுங்க முடியாமல் விழித்தேன். அவனோ அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கரண்டியோடு நின்றான்.

அங்கம்மா மடியிலிருந்த குழவியை இறக்கித் தரையில் வைத்தாள்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துய்யா," என்றாள்.