மூன்று மழை வேண்டும்

திங்கட்கிழமை காலை 8.10. மதுரை விமான நிலையத்துக்கு வெளியே வந்தபோது என்னிடம் ஒரு முதுகுப்பை, ஒரு கருவிப்பெட்டி, ஏழு நாள் விடுப்பு ஆகியவை இருந்தன. ஜெர்மனியில் நீர்வளப் பொறியியல் முதுகலை படிக்கிறேன். இது கடைசிப் பருவம். விடுப்பு என்று பெயரே தவிர, பருவம் என்னை விடுவதாக இல்லை. இந்த ஏழு நாட்களில் செய்ய வேண்டியவற்றை விமானத்தில் எழுதி வைத்திருந்தேன்: இணையவழி வகுப்புகள் இரண்டு, குழுவாக நடத்தும் விளக்கவுரை ஒன்று, வேலை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனத்துக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில், மூன்று மழைமானிகளைப் போய்ப் பார்ப்பது. இத்தனை தூரம் வந்தது கடைசியில் சொன்னதற்காக.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசல் நிலத்தில் மழை பெய்தால் தண்ணீர் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பது என் ஆய்வு. அதற்காகப் பிப்ரவரியில் வந்து பாலவனத்தம், பந்தல்குடி, எம்.ரெட்டியபட்டி ஆகிய மூன்று ஊர்ப் புறங்களில் கருவிகளை வைத்துவிட்டுப் போனேன். ஒவ்வோர் இடத்திலும் மண்ணுக்குள் ஈரம் அறியும் உணரிகள் மூன்று. வெளியே ஒரு கம்பத்தில் மழைமானி. இரண்டின் கணக்கையும் எனக்கு அனுப்பும் பெட்டி. முதல் இரண்டு இடங்களில் குறையில்லை. மூன்றாவதில் மண் ஐந்து முறை நனைந்திருந்தது, மழைமானியோ ஒரே ஒரு மழையைத்தான் பதிந்திருந்தது.

"ஒன்று உன் மண் பொய் சொல்கிறது, அல்லது உன் மழைமானி. எது என்று பார்த்துவிட்டு வா" என்றார் என் பேராசிரியர். ஓர் இடத்துக்குக் குறைந்தது மூன்று மழையாவது வேண்டும். இல்லாவிட்டால் ஜூலையில் பட்டம் இல்லை. ஜூலையில் பட்டம் இல்லாவிட்டால், அக்டோபரில் சேரச் சொல்லியிருக்கும் வேலையும் இல்லை.

விமான நிலையத்திலிருந்து பெருங்குடி நிறுத்தத்துக்கு ஆட்டோ 120 ரூபாய். அங்கிருந்து அருப்புக்கோட்டை ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்மணி காரியாபட்டி வருவதற்குள் என் வரலாற்றைக் கேட்டு முடித்திருந்தார்.

"படிச்சு முடிச்சு அங்கனயேதானா?"

"வேலை கிடைச்சிருக்கு. பட்டம் வந்தா சேரலாம்."

"சரி, இப்ப இங்கிட்டு எதுக்கு வந்தீக?"

"மழை அளக்க."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். சீமைக்கருவேலம், அதற்குப் பின்னாலும் சீமைக்கருவேலம். "நல்லா ஊரப் பாத்துத்தேன் வந்திருக்கீக" என்றார். முன் இருக்கைக்காரரும் சிரித்தார்.

செவ்வாய் காலை 7.30. அருப்புக்கோட்டையில் தங்கியது பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து விடுதியில். நாளுக்கு 900 ரூபாய், வைஃபை மாடிப்படி வரைக்கும்தான். நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதால் பாலவனத்தத்துக்குப் பூஜ்யம் ரூபாய்ச் சீட்டு. பேருந்து நிறைய விருதுநகருக்கு வேலைக்குப் போகிறவர்கள். மழைமானியின் புனலில் காக்கை எச்சம், தூசி, ஒரு சிலந்தி. துடைத்தேன். இருநூறு மில்லி தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கணக்கு சரியாக வந்தது.

புதன் பகல் 1.30. பந்தல்குடி. இங்கும் எச்சம், இங்கும் சரியான கணக்கு. அதே நேரத்துக்குத்தான் என் குழுவின் விளக்கவுரை. ஜெர்மனியில் அப்போது காலை பத்து மணி. தூத்துக்குடி சாலையில் கைபேசிச் சமிக்ஞை நன்றாகக் கிடைத்த இடம் ஒரு டீக்கடையின் பெஞ்சு மட்டுமே. டீ 12, வடை 8. மடிக்கணினியை முட்டை அட்டைகளின் மேல் வைத்துப் பேசத் தொடங்கினேன். லாரி ஒன்று வந்து நின்று ஆரன் அடித்தது. கடைக்காரர் கரண்டியோடு வெளியே போனார்.

"ஏலே, ஆரன அமத்துடா. பிள்ள பரீட்ச எழுதுது."

"வாயில என்னடா பரீட்ச?"

"வெளிநாட்டுப் பரீட்ச. வாயாலதேன் எழுதுவாக. எறங்கி வா, டீயக் குடி."

அடுத்து வந்த மூன்று லாரிகளும் சத்தமில்லாமல் நின்றன. ஓட்டுநர்கள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, வேற்றுமொழியில் நான் பேசியதை முடியும் வரை கேட்டார்கள். பேராசிரியர் கேள்வி கேட்டபோது ஒருவர் கவலையோடு என் முகத்தைப் பார்த்தார். பதில் சொல்லி முடித்ததும், "பாஸா?" என்றார். பாஸ் என்றேன். வடைக்குக் கடைக்காரர் காசு வாங்கவில்லை.

வியாழன் காலை 9.45. எம்.ரெட்டியபட்டி வரை நகரப் பேருந்து. பிறகு ஷேர் ஆட்டோ 15 ரூபாய். சாலை பிரியும் விலக்கில் இறங்கி ஒன்றரைக் கிலோமீட்டர் நடை. இருபுறமும் பருத்தி எடுத்து முடிந்த காடுகள். வெடிப்புகள் என் செருப்பு நுழையும் அளவுக்கு அகலம். கருவிகள் இருப்பது முத்துலட்சுமி அக்காவின் நிலத்தில், வீட்டை ஒட்டி. நாற்பது வயதிருக்கும். மிளகாய், பருத்தி, குதிரைவாலி எல்லாம் அவர் பொறுப்பு. கணவர் சுப்பையா அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறார். மூன்று மாதங்களில் நான்கு முறை தொலைபேசியில் கேட்டிருந்தேன். நான்கு முறையும் ஒரே பதில்: "ஒரு கொறையும் இல்ல பிள்ள. கண்ணும் கருத்துமா பாத்துக்கிடுறோம்."

அது உண்மைதான். மழைமானி பளபளவென்று இருந்தது. எச்சம் இல்லை, தூசி இல்லை, சிலந்தி இல்லை. பிப்ரவரியில் பெட்டியைப் பிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படி.

"எப்படிக்கா இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"சொட்டுத் தண்ணி பட விடலயே" என்றார் பெருமையாக. "மொளகா காயப் போட்டிருப்போம்ல, மேகம் கறுத்ததும் ஓடுவோம்ல, அப்படியே இதுக்கும் ரெண்டு யூரியா சாக்கப் போட்டு இறுக்கிக் கட்டிருவேன். மொதல்ல இதுக்கு, பொறவுதேன் மொளகாக்கு."

நான் கம்பத்தைப் பார்த்தேன். அதில் நான் ஒட்டிவிட்டுப் போன அறிவுறுத்தல் தாள் இருந்தது. எண்ணிட்ட ஏழு வரிகள். மூன்றாவது: கருவியின் மேல் தண்ணீர் படக் கூடாது. கணக்கை அனுப்பும் பெட்டியை மனத்தில் வைத்து எழுதியது அது. மழைமானிக்கு அது பொருந்தாது என்று எட்டாவதாக ஒரு வரி எழுத எனக்குத் தோன்றவில்லை.

"அக்கா, இதுதான் மழையை அளக்குற கருவி."

அவர் என்னையும் கருவியையும் மாறி மாறிப் பார்த்தார். "நனஞ்சாத்தேன் அளக்குமா?"

"ஆமாம்."

"மண்ண அளக்கன்னுல சொன்ன?"

"ரெண்டும். நான்தான் சரியா எழுதல."

பிறகு நான் பதிவான அந்த ஒரே மழையின் தேதியைச் சொன்னேன். அக்காவின் முகம் மாறியது. "அன்னைக்கு நான் திருச்சுழியில ஒரு விசேச வீட்டுக்குப் போயிட்டேன். இவுகதேன் வீட்டுல. வானம் பொத்துக்கிட்டு ஊத்துது, இவுக கட்டில்ல கெடந்து தூங்குறாக. மிசின நனைய விட்டாகன்னு நான் ஒரு வாரம் மொகங்கொடுத்துப் பேசல."

வண்டிக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த சுப்பையா அண்ணன் எழுந்து வந்தார். "அப்ப இந்தப் பிள்ள படிப்புக்கு ஒதவுனது என் தூக்கந்தான?"

"போதும், போயி டயரப் பாருங்க."

"நாலு மழய நீ கெடுத்த. ஒரு மழய நான் காப்பாத்துனேன். ஊருல இதச் சொல்லணும்ல."

எங்கள் மூவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் அக்கா கேட்டார், "இப்ப என்ன ஆகும், பிள்ள?" மறைக்காமல் சொன்னேன். ஒரு மழை இருக்கிறது. இன்னும் இரண்டு வேண்டும். அவை வராவிட்டால் ஐப்பசி மழை வரை இன்னொரு பருவம் படிக்க வேண்டியிருக்கும்; அந்த வேலை எனக்காகக் காத்திருக்காது. அவர் உள்ளே போய் எனக்குச் சோறு போட்டார்.

வெள்ளி காலை 6.00. விடுதி மாடிப்படி. நடந்ததை இரவே எழுதி அனுப்பியிருந்தேன், பேராசிரியரின் பதில் வந்திருந்தது: ஜூன் இருபதுக்குள் இன்னும் இரண்டு மழை பதிவானால் ஜூலையில் ஒப்படைக்கலாம். நிறுவனத்துக்கு நான் ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் எழுதி வைத்திருந்தேன், ஒன்று சம்மதம், ஒன்று மறுப்பு. இரண்டும் இப்போது பொருந்தவில்லை. படிப்புக்குப் பிந்தைய ஐந்து வருடங்களைக் காலாண்டு வாரியாகப் பிரித்து வைத்திருப்பவள் நான். கரிசல் காட்டில் விதைக்கிறவர்கள் எல்லோரும் தேதியை மழையிடம் கொடுத்துவிட்டுத்தான் விதைக்கிறார்கள். அவர்கள் நிலத்தில் ஆய்வு செய்பவள் மட்டும் தேதியைக் கையில் வைத்திருக்க நினைத்தது கொஞ்சம் அதிகம்தான். மூன்றாவதாக ஒரு கடிதம் எழுதினேன்: என் பட்டம் ஜூலையா, அதற்கும் ஆறு மாதம் கழித்தா என்பது இரண்டு மழையைப் பொறுத்தது, ஜூன் இருபது வரை காத்திருக்க முடியுமா? மாலை 4.20க்குப் பதில் வந்தது. இப்படி ஒரு காரணத்தை அவர்கள் இதுவரை கேட்டதில்லையாம். காத்திருக்கிறார்களாம்.

சனி மாலை 3.50. புதிய தாள் ஒட்டுவதற்காக மறுபடியும் முத்துலட்சுமி அக்கா வீட்டுக்குப் போனேன். இந்த முறை ஒரே வரி: மழை நனைக்கட்டும். ஒட்டி முடிப்பதற்குள் தெற்கே கறுத்தது. களத்தில் கடைசிப் பறிப்பு மிளகாய். நாங்கள் மூவரும் தார்ப்பாயோடு ஓடினோம். மிளகாயை மூடியதும் அக்காவின் கால்கள் பழக்கத்தில் கம்பத்தை நோக்கி ஓடின. கையில் யூரியா சாக்கு. கருவிக்கு இரண்டடி முன்னால் நின்றார். சாக்கைக் கீழே போட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நனைகிற மழைமானியைப் பார்த்தபடி தானும் நனைந்தார்.

"பாக்கச் சகிக்கல, பிள்ள" என்றார்.

பதினெட்டு நிமிடம் பெய்தது. 6.4 மில்லிமீட்டர். அறுபது சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்த உணரி, பத்து சென்டிமீட்டரில் இருந்ததற்கு முன்பே நனைந்திருந்தது. தண்ணீர் வெடிப்பு வழியாக நேரே கீழே போயிருக்கிறது. என் ஆய்வு கேட்ட கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடைக்காது. இன்னும் ஒரு மழை வேண்டும்.

ஞாயிறு காலை கிளம்பினேன். இதை ஜூன் இரண்டாம் வாரத்தில், ஜெர்மனியில் என் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நேற்று மழை, இன்றும் மழை. தெருவில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, ஒருவரும் எதையும் மூட ஓடவில்லை. நான் வளர்ந்த தாம்பரத்திலும் மழை என்றால் மழைநீர் வடிகால் பற்றித்தான் பேச்சு. மூன்றாவது இடத்தின் கோடு என் திரையில் தட்டையாகவே இருக்கிறது. சற்று முன் முத்துலட்சுமி அக்கா கூப்பிட்டார்.

"பிள்ள, வடக்க நல்லா கறுத்திருக்கு. இவுகள மிசினுக்குக் காவல் வச்சிருக்கேன்."

"எதுக்குக்கா காவல்?"

"நான் போயி மூடிறக் கூடாதுல்ல."

பின்னணியில் சுப்பையா அண்ணனின் குரல் கேட்டது. இன்னும் விழவில்லை, காற்று மட்டும்தான் என்றார். சரி, நான் போனை வைக்கவில்லை, விழுந்ததும் சொல்லுங்கள் என்றேன்.