மூன்றாவது பாட்டுக்குப் பின்னால் ஒரு டிங்

அவரை எல்லாரும் ‘பலர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் என்னவோ ஒற்றை நாடி. பக்கவாட்டில் திரும்பி நின்றால் இருக்கிறாரா போய்விட்டாரா என்று சந்தேகம் வரும். அவருக்குப் போய் இந்தப் பேர். “பலர் வந்தாச்சு”, “பலருக்கு ஒரு டீ”, “பலர் இன்னும் குளிக்கலையா?” என்று வீடு, தெரு, வேலை செய்யும் இடம் எல்லாம் ஒரே பலர் மயம். பேர் வைத்த புண்ணியவான் அவருடைய மச்சான், அதாவது பெண்டாட்டியின் அண்ணன். டயர் கடை வைத்திருக்கிறார். அடுத்தவனிடம் காற்றைப் பிடுங்குவதும் அவருக்குக் கைவந்த கலை.

பேர் வந்த கதை கல்யாணம் பேசப் போன அன்றைக்கு நடந்தது.

“மாப்பிள்ளை என்ன பண்றீங்க?” என்று கேட்டார் மாமனாராகப் போகிறவர்.

“பாட்டு ரெக்கார்டிங்ல வாசிக்கிறேங்க.”

“பேஷ்! என்ன வாசிக்கிறீங்க?”

அந்த இடத்தில் வயலின் என்று ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? ஆனால் நம்மாளுக்கு உண்மை பேசுகிற வியாதி உண்டு. “ட்ரையாங்கிள்” என்றார். யாருக்கும் புரியவில்லை என்று அவரே விளக்கமும் கொடுத்தார். “ஒரு கம்பியை மூணு மூலையா வளைச்சு, நூல்ல கட்டித் தொங்க விட்டிருக்கும். இன்னொரு சின்னக் கம்பியால அதைத் தட்டணும்.”

“தட்டினா?”

“டிங்னு சத்தம் வரும்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவ்வளவுதாங்க.”

மானம் கப்பலேறுவதைப் பார்த்து, கையோடு கொண்டுபோயிருந்த ரெக்கார்டை எடுத்து நீட்டினார். அந்தக் காலத்தில் பாடகியம்மா பாடிய அந்த ஆல்பம் ஓடாத வீடு கிடையாது. காதல் தோற்றவன், கடையில் மாவு அரைக்கிறவன், கணக்குப் பரீட்சைக்குப் படிக்கிறவன் எல்லாருக்கும் அதுதான். மூன்றாவது பாட்டின் கடைசியில் பாடகியம்மாவின் குரல் தேய்ந்து, தேய்ந்து, இல்லாமலே போகும். பாட்டு முடிந்தது என்று கேட்கிறவன் மூச்சு விடுவான். அப்போது எங்கேயோ தூரத்தில் ஒரே ஒரு டிங். அந்த டிங் நம்மாளுடையது. முழு ஆல்பத்திலும் அவர் அடித்தது அது ஒன்றுதான்.

மச்சான் அட்டையைத் திருப்பினார். பின்பக்கம் எல்லாம் போட்டிருந்தார்கள். பாடகி, இசையமைப்பாளர், வயலின், புல்லாங்குழல், கித்தார், ஒலிப்பதிவு இன்ஜினியர், ரெக்கார்டிங் நடந்த கூடம், வெளியிட்ட கம்பெனி, படம் எடுத்தவர், படத்தில் பாடகியம்மா காதில் மாட்டியிருந்த தோடு எந்தக் கடையுடையது என்பது வரைக்கும். தோட்டுக்குக்கூட இடம் இருந்தது.

“உங்க பேர் எங்க இருக்கு?” என்றார் மச்சான்.

நம்மாள் குனிந்து, கடைசி வரியில் விரலை வைத்தார். ‘மற்றும் பலர்.’

அவ்வளவுதான், மச்சானுக்கு அவல் கிடைத்துவிட்டது. இந்த ஆளை அந்தப் பெண் ஏன் கட்டிக்கொண்டாள் என்பது இன்றுவரை மச்சானுக்கு விளங்காத விஷயம். அன்றைக்கு அவள் ரெக்கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். உள்ளே அது ஓடுவது எல்லாருக்கும் கேட்டது. வெளியே வந்து சரி என்றாள்.

அதற்குப் பிறகு பலர் வாசிக்காத ரகமே இல்லை. பக்திப் பாட்டில் மணிச் சத்தம், நாட்டுப் பாட்டில் சலங்கை, டான்ஸ் பாட்டில் டப்பாவுக்குள் போட்ட அரிசியைக் குலுக்குவது, குழந்தைப் பாட்டில் குச்சியால் உரசினால் தவளை மாதிரி கத்துகிற தவளைக் கட்டை, மேல்நாட்டு ராகத்தையும் நம்ம ராகத்தையும் போட்டுக் குழப்புகிறவர்களுடைய ஆல்பத்தில் எது கையில் அகப்படுகிறதோ அது. எல்லா அட்டையிலும் அவர் இருந்தார். கடைசி வரியில், கும்பலோடு கும்பலாக. சில கம்பெனிகள் இடம் போதவில்லை என்று ‘மற்றும் பலர்’ என்பதையும் எடுத்துவிட்டார்கள். அந்த ஆல்பங்களில் அவர் அந்தக் கும்பலில்கூட இல்லை.

வீட்டில் அவர் பெண்டாட்டி வாய் சும்மா இருக்குமா? “காலையில போய் ராத்திரி வரீங்களே, இன்னைக்கு எத்தனை டிங்?” என்பாள். “பாவம், கை வலிக்கும். தைலம் தேய்ச்சு விடட்டா?” அந்தப் பிரசித்தி பெற்ற டிங்கை அவள் எப்போதும் ‘ஊசி விழுந்த சத்தம்’ என்றுதான் சொல்வாள். பலருக்கு மனசுக்குள் மட்டும் ஒரே ஒரு ஆசை, ஒரே ஒரு தடவை அட்டையில் அவர் பேர் வரவேண்டும். வேறு எதற்கும் இல்லை, மச்சான் மூக்கை உடைக்கத்தான். அப்படித்தான் சொல்லிக்கொண்டார். உண்மை என்னவென்றால், தான் இருந்ததற்கு ஏதோ ஓர் அத்தாட்சி வேண்டும் என்று அந்த மனுஷன் ஏங்கிப் போயிருந்தார்.

தலை நரைத்த பிறகு காலம் கனிந்தது. அந்த ஆல்பத்தைக் கம்பெனி மறுபடியும் வெளியிடப் போகிறதாம். பழையபடி பெரிய தட்டாகவே, புதுப் பெட்டியில். கூடவே ஒரு சின்னப் புத்தகம். அதில் எந்த மைக், எந்த நாள், யார் என்ன வாசித்தார்கள் என்று சகலமும் போடப் போகிறார்களாம். இதற்கென்றே ஒரு பெண்ணை வேலைக்கு வைத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு வாத்தியக்காரர் வீட்டுக்கும் போய் விவரம் கேட்டாள். கேட்டதுதான் தாமதம், புற்றீசல் கிளம்பிவிட்டது. வயலின்காரர், மெட்டே தன்னுடையதுதான் என்றார். புல்லாங்குழல்காரர், அன்றைக்கு வயலின்காரர் வரவேயில்லை என்றார். டீ கொண்டுவந்தவர், பாடகியம்மா தொண்டை திறந்ததே தன் டீயால்தான் என்றார். அது மட்டும் உண்மையாக இருக்கலாம்.

பலர் வீட்டுக்கும் வந்தாள். “மூணாவது பாட்டுல அந்த டிங் நீங்கதானா சார்? அது நான்தான்னு இதுவரைக்கும் நிறைய பேர் சொல்லிட்டாங்க” என்றாள். பலர், “அந்த ஒலிப்பதிவு இன்ஜினியர் இருக்காரே, அவர்கிட்ட கேளுங்கம்மா” என்று மட்டும் சொன்னார். இசையமைப்பாளர் போய்ச் சேர்ந்துவிட்டார். பாடகியம்மாவோ முன்வரிசையில் இருந்தவர்களையே மறந்துவிட்ட மகராசி. பின்னால் கதவோரம் நின்றவனை எங்கே நினைவு வைத்திருக்கப் போகிறார்?

இன்ஜினியருக்கு ஒரு காது போய்விட்டது. ஆனால் வாய் போகவில்லை. அந்தப் பெண் போனில் கேட்டதும் கத்தினார். “எவன், கதவுகிட்ட ஒல்லியா ஒருத்தன் நிப்பானே, அவனா? அவனை மறப்பேனா நான்! பாட்டு தேன் மாதிரி வந்துச்சு. அம்மா குரல் அப்படியே கரைஞ்சு போகுது. எல்லாரும் மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கிறோம். இந்தப் படுபாவி தட்டுற கம்பியைக் கீழ போட்டுட்டான்! திரும்ப முதல்லேர்ந்து பாடினோம். அவசரக்குடுக்கை, இந்தத் தடவை அம்மா முடிக்கிறதுக்கு முன்னாலயே தட்டிட்டான். மூணாவது தடவைதான் ஒழுங்கா அடிச்சான். அவன்தான்மா! அவனேதான்!”

ஒழுங்காக வாசித்தவர்களை யாருக்கும் நினைவில்லை. சொதப்பியவனுக்குச் சாட்சி கிடைத்துவிட்டது. உலகம் இப்படித்தான் இயங்குகிறது, என்ன செய்ய? பேர் போடுவதாக முடிவாயிற்று. அட்டைப் படத்தை நகல் எடுக்க நல்ல பிரதி வேண்டும் என்று கம்பெனி கேட்டதால், வீட்டிலிருந்த ஒரே பழைய ரெக்கார்டையும் பலர் சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்தார். திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நல்ல மனிதர்கள், இன்னும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

பலர் முதல் தடவையாக மச்சானிடம் வாயைத் திறந்தார். “மச்சான், என் பேர் வரப்போகுது.”

“வரட்டும் மாப்பிள்ளை. வந்தா, அன்னையிலேர்ந்து உங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இது சத்தியம்” என்றார் மச்சான். வராது என்கிற தைரியம்.

பெட்டி வந்த ஞாயிற்றுக்கிழமை மச்சான் குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். பலர் இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார். தன் வீட்டில், தன் நாற்காலியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்க எதற்கு இஸ்திரி என்று பெண்டாட்டி கேட்டாள். மகள் பெட்டியைப் பிரித்து, புத்தகத்தைப் புரட்டி, ஓரிடத்தில் நிறுத்தி, “அப்பா!” என்று கூவினாள். இருந்தது. ட்ரையாங்கிள் என்று போட்டு, எதிரில் அவர் பேர், இனிஷியலோடு. ஓர் எழுத்துப் பிழை கிடையாது.

மச்சான் கண்ணாடியை மாட்டி ஒரு தடவை, கழற்றி ஒரு தடவை பார்த்தார். “சரி. பாட்டைப் போடு, கேட்டுட்டுப் பேசலாம்” என்றார்.

மூன்றாவது பாட்டு ஓடியது. அடேயப்பா, என்ன சுத்தம்! ரெக்கார்டிங் அன்றைக்கு வெளியே பெய்த மழைச் சத்தம் காணோம், நாற்காலி முனகல் காணோம், பாடகியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுகிறார். குரல் தேய்ந்தது. தேய்ந்து இல்லாமல் போயிற்று. பலரின் வலது கை அவரை அறியாமல் மடியிலிருந்து எழும்பியது.

ஒன்றும் வரவில்லை. நாலாவது பாட்டு ஆரம்பித்துவிட்டது.

எழும்பிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் பலர் தலையைச் சொறிந்துகொண்டார்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டு, அவனைக் கேட்டு, இவனைக் கேட்டு, கடைசியில் ஒலியைச் சுத்தம் செய்த ஆளையே பிடித்துவிட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள். அவன் குரலில் சந்தோஷம் தாங்கவில்லை. “அட, நீங்க கவனிச்சீங்களா? பாட்டு முடிஞ்சதுக்கப்புறம் எங்கயோ ஸ்பூன் விழுந்த மாதிரி ஒரு சத்தம் வந்துட்டு இருந்துச்சுங்க. இத்தனை வருஷமா அதை யாருமே எடுக்கல பாருங்க! நான்தான் எடுத்தேன். புத்தகத்துலயே போட்டிருக்காங்களே.”

போட்டிருந்தார்கள். பலர் பேருக்கு நேர் கீழே. ‘மூலப் பதிவில் இருந்த தேவையற்ற ஒலிகள் கவனமாக நீக்கப்பட்டுள்ளன.’ இத்தனை காலம் சத்தம் இருந்தது, பேர் இல்லை. இப்போது பேர் இருக்கிறது, சத்தம் இல்லை. இரண்டையும் ஒரே சமயத்தில் கொடுத்தால் கம்பெனி திவாலாகிவிடும் போலிருக்கிறது.

மச்சான் கேலி செய்யப் போகிறார் என்று பலர் காத்திருந்தார். மச்சான் செய்யவில்லை. எழுந்து வந்து, தோளில் கை வைத்து, அவருடைய சொந்தப் பேரைச் சொல்லி, “விடுங்க, இதெல்லாம் ஒரு விஷயமா?” என்றார். சத்தியத்தைக் காப்பாற்றிவிட்டார், உத்தமர். அத்தனை வருஷக் கேலியில் வலிக்காதது அந்த ஒரு ஆறுதலில் வலித்தது. தன் பேர் இத்தனை அந்நியமாக இருக்கும் என்று பலர் நினைத்ததே இல்லை.

“சத்தம் கம்மியா வச்சிருந்தோமோ என்னவோ” என்று மகள் மறுபடியும் மூன்றாவது பாட்டைப் போட்டாள். குழந்தை மனசு. பலர் தடுக்கவில்லை. பெண்டாட்டி மட்டும், “எனக்குப் பாத்திரம் கிடக்கு” என்று அடுக்களைக்குப் போய்விட்டாள். குழாய்ச் சத்தம் கேட்டது. பாட்டு முடியப் போகிற சமயத்தில் குழாய் நின்றது.

பாடகியம்மாவின் குரல் தேய்ந்தது. இல்லாமல் போயிற்று. ஒரு மூச்சு விடுகிற நேரம்.

டிங்.

அடுக்களையிலிருந்து. டம்ளர் விளிம்பில் ஸ்பூன். முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அந்த இடத்தில். மூன்று தடவை பாட வைத்து அவர் பிடித்த இடத்தை அவள் ஒரே தடவையில் பிடித்துவிட்டாள். ஊசி விழுந்த சத்தம், ஊசி விழுந்த சத்தம் என்று சொல்லிச் சொல்லியே இத்தனை வருஷமும் அந்த ஊசி விழுகிற இடத்தைக் காதில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள், கள்ளி. பலர் எல்லார் முன்னாலும் அழுதார். துடைத்துக்கொள்ளவும் இல்லை.

மச்சான் அடுக்களைப் பக்கம் திரும்பினார். “நீ எப்பம்மா ரெக்கார்டிங்ல சேர்ந்தே?”

அவள் ஈரக் கையோடு வாசற்படியில் வந்து நின்றாள். “சேர்ந்து ரொம்ப வருஷமாச்சுண்ணே. எனக்குப் பேரெல்லாம் வேணாம். மற்றும் பலர்னு போட்டுக்கச் சொல்லு.”

மச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பலர், அந்தப் பாட்டை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க” என்றார்.

பலர் போடச் சொன்னார்.