பங்குனியில் வாசித்த மழைப்பாட்டு

கோவில்பட்டியில் பஸ்ஸைவிட்டு இறங்கும் ஆளிடம் வீட்டில் எல்லாரும் சுகமா என்று முதலில் கேட்பதில்லை. "அங்கன மழை உண்டா?" என்றுதான் கேட்கிறார்கள். கடை கைவிட்டுப் போய், பர்மாவிலிருந்து ஐப்பசியில் இங்கே வந்து சேர்ந்த எனக்கு அது விநோதமாக இருந்தது. பர்மாவில் எங்கள் ஊரான மோல்மேனில் மழை பிடித்தால் மாதக்கணக்கில் விடாது. அதை யாரும் விசாரிப்பதில்லை. தகரக்கூரையில் அது அடிக்கும் சத்தத்தில்தான் நான் கல்யாணம் செய்தேன், வாப்பாவை அடக்கம் செய்தேன். இந்த ஊர்க்காரர்கள் எந்நேரமும் மழைக்கு ஏங்குகிறவர்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். நீங்களும் என்னைப்போல் பர்மாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கியவராக இருந்தால், உங்களுக்கும் இப்படி ஒரு தப்புக்கணக்கு இருந்திருக்கும்.

பங்குனியில் பொது நூலகத்தில் கவியரங்கம் வைத்தார்கள். பேப்பர் படிக்கும் மேசையில் எனக்குப் பழக்கமானவர் பசுவந்தனை மாடசாமிக் கோனார். அவருக்கு ஆடும் உண்டு, பருத்தி வெள்ளாமையும் உண்டு. "நம்ம பர்மா பாய் நல்லா எழுதுதாரு" என்று நூலகரிடம் அவர்தான் சொல்லி என்னைச் சேர்த்துவிட்டார். இந்த ஊரில் ஒருவனாக எழுந்து நிற்க எனக்குக் கிடைத்த முதல் இடம் அது.

அன்று மாலை மேகம் கூடி, கூடமே இருட்டிக்கிடந்தது. முன்னால் வாசித்தவர்களுக்குக் கைதட்டலே இல்லை. எல்லார் கண்ணும் ஜன்னலில் இருந்தது. மழைக்காகத் தவிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் முறை வந்ததும் எழுந்து, "கருமேகமே, இறங்கி வா! கரிசல் நனைய இறங்கி வா!" என்று தொடங்கினேன். யாரும் அசையவில்லை. உருகிப்போய்விட்டார்கள் என்று குரலை இன்னும் உயர்த்தினேன். தெற்கே இடி உருண்டது.

"ஏலே, அந்த ஆள நிறுத்தச் சொல்லு!" பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

கோனார் எழுந்தார். "பாய், போதும். உக்காருங்க."

"இன்னும் நாலு வரிதான், அண்ணாச்சி."

முன்வரிசையில் இருந்த ஒருவர் பாய்ந்து வந்து என் கையிலிருந்த தாளைப் பிடுங்கினார். "காடு பூரா பருத்தி வெடிச்சுக் கெடக்கு. நனைஞ்சா அம்புட்டும் போச்சு. இவரு மழையக் கூப்புடுதாரு!" அவர் கை ஓங்க, நூலகர் குறுக்கே விழுந்து தடுத்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐப்பசியில் ஆசையாகக் கேட்ட அதே கேள்வியை இவர்கள் இப்போது பயந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெளியே துளி விழுந்தது. நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எல்லாரும் சைக்கிளுக்கு ஓடினார்கள். கோனார் என் முகத்தைப் பார்க்காமலே போனார்.

மறுநாள் விடிந்ததும் பசுவந்தனைக்கு பஸ் ஏறினேன். கோனார் காட்டில் பருத்தி நனைந்து சேறு தெறித்துத் தொங்கியது. அவர் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பாட்டுப் படிச்சவிய இவியதானா?"

"இவுகதான்" என்றார் கோனார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க பாட்டுக்கு வந்த மழையில்ல பாய், அது எனக்குத் தெரியும். ஆனா கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

அந்த அம்மாள் ஒரு சாக்கை நீட்டினார். வாங்கிக்கொண்டு பருத்திச் செடி நிரையில் இறங்கினேன். காலில் கரிசல் அப்பியது. கறைபட்ட பருத்தியை ஒவ்வொன்றாகப் பறித்துச் சாக்கில் போட்டேன். பக்கத்துச் செடியில் அந்த அம்மாள் அழுது மூக்கை உறிஞ்சியபடி பறித்துக்கொண்டிருந்தார். நனைந்த மண்ணின் வாசனை எழுந்து என் நெஞ்சை நிறைத்தது. பர்மாவை விட்டபின் முதல்முறையாக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அது அவருக்குத் தெரிந்துவிடாதபடி முகத்தைச் செடிக்குள் கவிழ்த்துக்கொண்டு பறித்தேன்.